டீமக்ஸ் தகராறு: கண்ணில் படுவதை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் சொந்த வீட்டில் உட்கார்ந்தே சர்வர் வேலை பார்க்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற ஊர் என்பதால் மின்கலம், அரிமானம் என்று ராத்திரி முழுக்கக் கணக்கீடு ஓட்டுகிற ஆய்வு மாணவர்களும் உண்டு. சர்வர் மும்பையிலோ ஐதராபாத்திலோ பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அறுவதெல்லாம் நடுவில்தான். நம் பழைய வீடுகளில் அதற்கு உள்ளூர்க் காரணமும் ஒன்று இருக்கிறது. ரவுட்டர் முகப்பில், லேப்டாப் இரண்டாம் கட்டில், இடையே சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர்கள். வளவைத் தாண்டுவதற்குள் வைஃபைக்கு மூச்சு முட்டிவிடும். அதனால்தான் இங்கே டீமக்ஸ் இல்லாமல் யாரும் பிழைக்க முடியாது. நம் இணைப்பு அறுந்தாலும் சர்வரில் வேலையை ஓடவிட்டு வைத்திருக்கிற நிரல் அது. அதில் ஒரு வேலைத் தொகுதி செஷன், அதற்குள் ஒரு முழுத்திரை விண்டோ, விண்டோவைப் பிரித்த ஒரு பகுதி பேன்.

"அண்ணே, எல்லாம் போயிருச்சு" என்று போன் வந்தால் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: புதிதாக எதையும் தொடங்காதே, எது செத்தது என்று பார். உன் கையிலிருந்து ஓடுகிற வேலை வரைக்கும் ஐந்து பேர் நிற்கிறார்கள். லேப்டாப்பில் டெர்மினல் ஜன்னல், அதிலிருந்து தூரத்து இயந்திரத்துக்குப் போகிற எஸ்எஸ்ஹெச் இணைப்பு, அந்தப் பக்கம் உனக்குத் திரையைக் காட்டுகிற டீமக்ஸ் கிளையண்ட், அதற்குப் பின்னால் டீமக்ஸ் சர்வர் (இது இயந்திரம் அல்ல, அதற்குள் ஓடுகிற நிரல்), அதற்குள்ளே உன் வேலை. முதல் மூன்றும் அடிக்கடி சாகும், செத்தாலும் நஷ்டம் இல்லை. பின்னிரண்டும் லேசில் சாகாது. பயந்துபோய் அடிக்கிற கமாண்டுதான் பல சமயம் அவற்றைக் கொல்கிறது.

கமாண்டுகளை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். தட்டுவது ஆங்கிலச் சிற்றெழுத்தில். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுவேன். மைனஸ் என்றால் சிறு கோடு. ப்ரிஃபிக்ஸ் என்றால் கண்ட்ரோலையும் பி-யையும் சேர்த்து அழுத்தி, கையை எடுத்துவிட்டு, அடுத்த சாவியைத் தட்டுவது. ஸ்க்ரீன் என்ற பழைய நிரலின் காலத்துப் பழக்கத்தில் அதைக் கண்ட்ரோல்-ஏ என்று மாற்றி வைத்திருப்பவர்கள் அப்படியே படித்துக்கொள்ளவும்.

எதைத் தட்டினாலும் ஒன்றும் வரவில்லை, ப்ரிஃபிக்ஸுக்கும் அசைவில்லை

ப்ரிஃபிக்ஸ், பிறகு சி. புது விண்டோ திறக்கவில்லை என்றால் எஸ்எஸ்ஹெச் அறுந்திருக்கிறது, அதன் கிளையண்டுக்குத்தான் இன்னும் சேதி போகவில்லை. ஜன்னலை மூடித் திறக்கலாம். அதைவிடச் சுத்தமான வழி: என்டர், அடுத்து டில்டே, அடுத்து புள்ளி. டில்டே எஸ்கேப் சாவிக்குக் கீழே, ஷிஃப்டோடு. இந்த மூன்றையும் எஸ்எஸ்ஹெச் தானே பிடித்துக்கொண்டு இணைப்பை வெட்டிவிடும். சர்வர் பக்கம் எதுவும் போகாது. ஒரு சர்வருக்குள்ளிருந்து இன்னொன்றுக்குப் போயிருந்து, உள்ளே இருப்பதை மட்டும் வெட்ட வேண்டுமென்றால் டில்டேயை இரண்டு தடவை தட்டணும்.

திரும்ப உள்ளே போனதும் டீமக்ஸ் எல்எஸ், செஷன்களின் பட்டியல் வரும். செஷன் பெயர் தெரிந்தால்:

டீமக்ஸ் அட்டாச் மைனஸ் டி மைனஸ் டீ பெயர்

இங்கே இரண்டு எழுத்து காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். முதலாவது டிடாச் என்பதன் முதலெழுத்து, செத்துப்போன பழைய கிளையண்டைக் கழற்றிவிடுவது. இரண்டாவது டார்கெட் என்பதன் முதலெழுத்து, எந்த செஷன் என்று காட்டுவது. போனில் சொல்லும்போது இந்த இடத்தில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள்.

அடிக்கடி அறுகிறதென்றால் லேப்டாப்பின் எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் கோப்பில் சர்வர்-அலைவ்-இன்டர்வல் 30 என்று ஒரு வரி போடுங்கள், நடுவில் கோடு இல்லாமல் ஒரே சொல்லாக. அரை நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். இணைப்பு செத்தால் சீக்கிரம் தெரிந்துவிடும். வைஃபையிலிருந்து போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிமாறித் தாவுகிறவர்கள் எஸ்எஸ்ஹெச்சுக்குப் பதிலாக மோஷ் என்ற நிரலைப் போட்டுப் பார்க்கலாம். ஐபி முகவரி மாறினாலும் அது விடாது. ஆனால் சர்வரில் யுடிபி 60000 முதல் 61000 வரையிலான போர்ட்களில் வழி திறந்திருக்க வேண்டும். மோஷில் மேலே உருட்டிப் பழைய வரிகளைப் பார்க்க முடியாது, ஆகவே அதற்குள்ளும் டீமக்ஸ் வேண்டும்.

ஒரு பேன் மட்டும் நின்றுவிட்டது, மற்றதெல்லாம் நடக்கிறது

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். போன சீசனில் ஒரு தம்பி, ஆய்வு மாணவர், ராத்திரி கூப்பிட்டார். "அண்ணே, ஸ்க்ரீன் அப்படியே நின்னுருச்சு, கடைசி வரி அப்படியே கெடக்கு."

"ப்ரிஃபிக்ஸ் சி அடிங்க தம்பி."

"அடிச்சேன், புது விண்டோ வருது அண்ணே."

"அப்ப டீமக்ஸ் நல்லாத்தான் இருக்கு. பழைய விண்டோவுக்குப் போயி கண்ட்ரோல்-க்யூ அடிங்க."

ஒரு நொடியில் இரண்டு பக்கம் நிறைய வரிகள் கொட்டின. எடிட்டரில் சேமிக்கிற பழக்கத்தில் கை தானாகக் கண்ட்ரோல்-எஸ் அழுத்தியிருந்தது. டெர்மினலுக்கு அது "நிறுத்து" என்று பொருள், கண்ட்ரோல்-க்யூ "விடு". தந்தித் தட்டச்சு காலத்து மிச்சம் இது. டீமக்ஸுக்குள் இருக்கும்போது அந்த ஒரு பேன் மட்டும் நிற்கும், அதனால்தான் மற்ற விண்டோ ஓடியது. வெறும் காட்சிக் கோளாறு என்று இதை விட்டுவிடக் கூடாது. நின்றிருக்கும் நேரத்தில் வெளியீட்டை வாங்க ஆளில்லாமல் பஃபர் நிரம்பி, அச்சிட்டுக்கொண்டே போகிற நிரல் அப்படியே காத்துக்கிடக்கும். ராத்திரி பத்து மணிக்குக் கண்ட்ரோல்-எஸ் அழுத்திவிட்டுத் தூங்கப் போனால் காலையில் கணக்கீடு பத்து மணியிலேயே நிற்கும். பாஷ் ஆர்சி கோப்பில் எஸ்டீடீஒய் மைனஸ் இக்ஸான் என்று ஒரு வரி சேர்த்தால், கமாண்ட் அடிக்கிற இடத்தில் இந்தத் தொல்லை தீரும்.

கண்ட்ரோல்-க்யூவுக்கு அசையவில்லையா? பேனின் வலது மேல் மூலையைப் பாருங்கள். அங்கே சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள் சாய்கோட்டோடு தெரிந்தால் நீங்கள் காப்பி மோடில் இருக்கிறீர்கள். மௌஸ் சக்கரத்தை உருட்டியதில் போயிருக்கும். வெறும் க்யூ தட்டினால் வெளியே வரலாம். இதில் வேலை நிற்பதில்லை, பின்னால் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இரண்டும் இல்லையென்றால் இன்னொரு விண்டோவில் டாப் (ஓடுகிற நிரல்களைக் காட்டுகிற கமாண்ட்) போட்டுப் பாருங்கள். நிரல் சிபியூவைத் தின்றுகொண்டிருந்தால் அதற்கு உங்களிடம் சொல்ல ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

டீமக்ஸ் எல்எஸ் அடித்தால் சர்வரே ஓடவில்லை என்கிறது

நெஞ்சு பதறுகிற இடம் இது. இங்கேதான் அவசரப்படக் கூடாது. உண்மையிலேயே போய்விட்டதா, நீங்கள் வேறு வாசலில் நின்று கதவைத் தட்டுகிறீர்களா என்பதே கேள்வி.

முதலில் ஹோஸ்ட்நேம் அடியுங்கள். பல இயந்திரங்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய கிளஸ்டர்களில் லாகின் நோடு, அதாவது நாம் உள்ளே நுழைகிற இயந்திரம், இரண்டு மூன்று இருக்கும். ஒரே முகவரிக்குப் போனாலும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றில் இறக்கிவிடும். நேற்று ஒன்றில் திறந்த டீமக்ஸ் இன்று இரண்டில் தெரியவே தெரியாது. செஷன் திறக்கும்போதே அதன் பெயரில் நோடின் எண்ணையும் சேர்த்துவிட்டால் இந்த அலைச்சல் இல்லை.

அடுத்து ஹூஅமை, யார் பெயரில் உள்ளே இருக்கிறீர்கள் என்று சொல்லும். சூடோ போட்டுத் திறந்த டீமக்ஸ் ரூட்டுக்குச் சொந்தம், உங்கள் பெயரில் தேடினால் வராது. மைனஸ் பெரிய எல் போட்டுத் தனிப் பெயரில் சர்வர் தொடங்கியிருந்தாலும் அதே கதை. அந்தப் பெயரைக் கொடுத்தே கேட்க வேண்டும்.

மூன்றாவது சோதனை பீக்ரெப் டீமக்ஸ், ஓடுகிற டீமக்ஸின் ப்ராசஸ் எண்ணைத் தேடித் தரும். எண் ஏதாவது வந்தால் சர்வர் உயிரோடு இருக்கிறது, அதற்குப் போகிற வழிதான் அடைந்திருக்கிறது. டீமக்ஸ் சர்வரும் கிளையண்டும் பேசிக்கொள்வது ஒரு சாக்கெட் கோப்பு வழியாக. ஸ்லாஷ் டிஎம்பிக்குள் டீமக்ஸ், சிறு கோடு, உங்கள் பயனர் எண் என்று ஒரு டைரக்டரி. அதற்குள் டீஃபால்ட் என்ற கோப்பு. இடத்தைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று யாரோ எழுதிப் போட்ட, நேரம் வந்தால் தானாக ஓடுகிற கிரான் வேலை அந்தக் கோப்பை அழித்திருக்கும். சர்வருக்கு யுஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பினால் சாக்கெட்டை மறுபடி உருவாக்கிக்கொள்ளும்:

கில் மைனஸ் யுஎஸ்ஆர்1 அந்த எண்

யுஎஸ்ஆர் மூன்றும் பெரிய எழுத்து, ஒன்று எண்ணில். டைரக்டரியே போயிருந்தால் முதலில் அதே பெயரில் 700 அனுமதியோடு உருவாக்கிவிட்டு இதைச் செய்யணும். அதற்கு முன்னால் "சரி, புதுசா ஒண்ணு திறந்துக்குவோம்" என்று டீமக்ஸ் அடித்துவிட்டால், அதே சாக்கெட் பெயரில் இரண்டாவது சர்வர் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு எது பழைய எண், எது புதிய எண் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். முதலிலேயே புதிதாக எதையும் தொடங்காதே என்றது இதற்காகத்தான்.

பீக்ரெப்புக்கும் ஒன்றும் வரவில்லையா? அப்டைம் பாருங்கள். இயந்திரம் ரீபூட் ஆகியிருந்தால் டீமக்ஸ் காப்பாற்றாது. அது நினைவகத்தில் வாழ்கிற சாமான். ரீபூட்டும் ஆகவில்லை, லாகவுட் ஆனாலே போகிறது என்றால் லினக்ஸில் எல்லா நிரல்களையும் தொடங்கி மேய்க்கிற சிஸ்டம்டி மேல் சந்தேகப்படலாம். லாகின்டி கான்ஃபிக்கில் கில்-யூஸர்-ப்ராசஸஸ் என்ற அமைப்பு 'யெஸ்' என்றிருந்தால், வெளியேறும்போது உங்கள் வேலைகளையும் கையோடு கூட்டிப் பெருக்கிவிடும். 2016-இல் வந்த 230-ஆம் பதிப்பிலிருந்து சிஸ்டம்டியின் மூல இயல்பு அதுதான். டெபியன், உபுண்டு போன்றவை அதை 'நோ' என்று மாற்றித் தருகின்றன. 'நோ' ஆக்கச் சொல்லி நிர்வாகியைக் கேட்பது நேர்வழி. அவர் மாட்டேன் என்றால், லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர் ஒருமுறை அடித்து வைத்து, டீமக்ஸைத் தொடங்கும்போது சிஸ்டம்டி-ரன் மைனஸ் மைனஸ் ஸ்கோப் மைனஸ் மைனஸ் யூஸர் என்பதை அதன் முன்னால் சேர்க்க வேண்டும். லிங்கர் மட்டும் போதும் என்று சொல்வார்கள், போதாது.

ஸ்க்ரீன் ஒரு மூலைக்குச் சுருங்கி, மிச்ச இடமெல்லாம் புள்ளி

உங்கள் செஷனை இன்னொரு சின்னத் திரையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அது உங்கள் போன்தான். பஸ் ஸ்டாண்டில் நின்றபடி டெர்மக்ஸ் என்ற போன் ஆப்பில் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருப்பீர்கள். ப்ரிஃபிக்ஸ், பெரிய டி. இணைந்திருக்கும் கிளையண்டுகளின் பட்டியல் வரும், சின்னதைத் தேர்ந்து கழற்றலாம். 2.9-ஆம் பதிப்பு முதல் விண்டோ-சைஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை லார்ஜெஸ்ட் என்று வைத்தால் பெரிய திரை சுருங்காது, போனில்தான் ஓரம் வெட்டுப்படும்.

தமிழ் வரவேண்டிய இடத்தில் அடிக்கோடு அடிக்கோடாக வருகிறது

பலகாரக் கடை ஒன்றின் ஆர்டர் நிரலைப் பார்த்துக்கொள்கிறேன். லாகில் தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை என்று சரக்குப் பெயர் தமிழிலேயே விழும். எஸ்எஸ்ஹெச்சில் நேராகப் பார்த்தால் தமிழ், டீமக்ஸுக்குள் பார்த்தால் வெறும் கோடு. கிளையண்டுக்கு யுடிஎஃப்-8 (தமிழ் எழுத்துகளையும் தாங்குகிற குறியாக்கம்) தெரியும் என்று டீமக்ஸ் நம்பவில்லை என்பதே இதன் பொருள். லொகேல், அதாவது மொழி அமைப்பைக் காட்டுகிற கமாண்டை அடித்துப் பாருங்கள். போசிக்ஸ் என்றோ வெறும் சி என்றோ வந்தால் அதுதான் காரணம். லாங் என்ற சூழல் மாறிக்கு முடிவில் யுடிஎஃப்-8 வருகிற ஒரு லொகேலைக் கொடுங்கள், சி-டாட்-யுடிஎஃப்-8 கூடப் போதும். அவசரத்துக்கு டீமக்ஸ் மைனஸ் யு அட்டாச். உள்ளே ஏற்கெனவே திறந்திருக்கும் ஷெல்லுக்கு மாறி தானாகப் போய்ச் சேராது, அங்கே தனியாக எக்ஸ்போர்ட் செய்யணும்.

கோடு போய் எழுத்து வந்தபிறகு அடுத்த தலைவலி. மனகோலத்தில் 'கோ' பிரிந்து கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் நிற்கும். கர்சர் ஒரு கட்டம் தள்ளி உட்காரும். பேனுக்கு நடுவிலுள்ள கோடு கோணலாகும். ஓர் எழுத்துக்கு எத்தனை கட்டம் என்பதில் டெர்மினலுக்கும் டீமக்ஸுக்கும் நடுவே ஒத்த கருத்து இல்லை. டெர்மினல் என்பதே ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று பிறந்தது, நம் உயிர்மெய் அதற்குள் மடங்குவதில்லை. வேறு டெர்மினலுக்கு மாறினால் கொஞ்சம் குறையலாம், முழுதாகத் தீர்ந்து நான் பார்த்ததில்லை. ப்ரிஃபிக்ஸ் அடித்துச் சின்ன ஆர் தட்டினால் திரை புதிதாக வரையப்படும், தற்காலிகமாக நேராகும். நிறையத் தமிழ் படிக்க வேண்டுமென்றால் கோப்பை எஸ்சிபியில் லேப்டாப்புக்கு இழுத்து எடிட்டரில் திறப்பதே புத்திசாலித்தனம்.

சில்லறைத் தொல்லைகள்

விம்மில் எஸ்கேப் தட்டினால் அரை நொடி யோசிக்கிறது: பழைய பதிப்புகளில் எஸ்கேப்-டைம் 500 மில்லிசெகண்ட். டீமக்ஸின் கான்ஃப் (அமைப்பு) கோப்பில் செட் மைனஸ் எஸ்ஜி எஸ்கேப்-டைம் 10.

டெர்மினல் பொருந்தவில்லை என்று சொல்லி உள்ளேயே விடவில்லை: புதுரக டெர்மினல்களின் பெயர் பழைய சர்வருக்குத் தெரியாது. டெர்ம் மாறியில் எக்ஸ்டெர்ம்-256கலர் என்று வைத்து அட்டாச் செய்யுங்கள். டீமக்ஸுக்கு உள்ளே மட்டும் அந்தப் பெயரை வைக்காதீர்கள்; அங்கே டீஃபால்ட்-டெர்மினல் ஸ்க்ரீன்-256கலர் அல்லது டீமக்ஸ்-256கலர் ஆக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறமும் ஹோம், எண்ட் சாவிகளும் கிறுக்குப் பிடித்த மாதிரி நடக்கும்.

மௌஸ் ஆன் செய்தபிறகு தேர்ந்தெடுத்து ஒட்ட முடியவில்லை: ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு இழுங்கள். பெரும்பாலான டெர்மினல்களில் அது டீமக்ஸைத் தாண்டிப் போகும். எங்கிருந்தோ எடுத்த கான்ஃபில் மோடு-மௌஸ் என்று வரி இருந்து பிழை காட்டினால் அது 2015-க்கு முந்திய எழுத்து, 2.1 முதல் மௌஸ் ஆன் என்ற ஒற்றை வரிதான்.

கான்ஃபை மாற்றினேன், ஒன்றும் மாறவில்லை: சர்வர் தொடங்கும்போது மட்டுமே அதைப் படிக்கிறது. டீமக்ஸ் சோர்ஸ்-ஃபைல் என்று கோப்பின் பெயரோடு அடித்தால் மறுபடி படிக்கும். கோப்பிலிருந்து நீக்கிய வரி மட்டும் நீங்காது, ஏற்கெனவே ஏறிய அமைப்பு அப்படியே இருக்கும். அதற்குக் கில்-சர்வர் அடி என்று எவராவது சொன்னால், உள்ளே ஓடுகிற எல்லா வேலையும் அதோடு போகும் என்பதையும் சேர்த்துச் சொன்னாரா என்று கேளுங்கள்.

மேலே உருட்டினால் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடுகிறது: இயல்பு 2000 வரி. ஹிஸ்டரி-லிமிட்டைக் கூட்டலாம், ஆனால் புதிதாகத் திறக்கிற பேனுக்கே பொருந்தும். ராத்திரி ஓடுகிற வேலைக்கு இதை நம்ப வேண்டாம், டீ (டீ-இ-இ) என்ற கமாண்டைப் போட்டுக் கோப்பிலும் எழுதிவையுங்கள்.

மறுநாள் அட்டாச் செய்தால் கிட் புஷ் அனுமதி இல்லை என்கிறது

நேற்று வேலை செய்தது, எஸ்எஸ்ஹெச் சாவியும் மாறவில்லை. மாறியது அந்தச் சாவியை நமக்காக வைத்துக்கொண்டிருக்கிற எஸ்எஸ்ஹெச் ஏஜெண்டின் முகவரி. ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் ஏஜெண்டுக்கு ஒரு புது சாக்கெட் கிடைக்கும். பழைய பேனில் இருக்கும் ஷெல் நேற்றைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கிறது. ப்ரிஃபிக்ஸ் சி, புது விண்டோவில் புஷ் செய்து பாருங்கள், நடக்கும், ஏனென்றால் அட்டாச் ஆகும்போது டீமக்ஸ் செஷனின் பதிவைப் புதுப்பித்துவிடுகிறது. நிரந்தரமாக வேண்டுமென்றால் ஹோம் டைரக்டரியில் மாறாத பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டுகிற குறுக்குவழி) வைத்து, லாகின் ஆகும்போதெல்லாம் அதைப் புது சாக்கெட்டுக்குத் திருப்பிவிட்டு, டீமக்ஸுக்குள் அந்த சிம்லிங்கின் பெயரையே கொடுத்துவிடலாம்.

டீமக்ஸ் இல்லாமலேயே வேலையைத் தொடங்கிவிட்டேன், இப்போது கரண்ட் போகப் போகிறது

மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பைக் காலையில்தான் பார்ப்போம், ஆறு மணி நேர வேலையை அதற்கு முந்தின நிமிடம்தான் தொடங்கியிருப்போம். ஓடுகிற வேலையை வேறு டெர்மினலுக்கு இழுத்துக்கொள்ள ரெப்டைர் என்று ஒரு கருவி இருக்கிறது. ஓடுகிற இடத்தில் கண்ட்ரோல்-இசட் (நிறுத்திவை), பிஜி (பின்னணியில் ஓடு), டிஸோன் (ஷெல்லோடு உறவை அறு) என்று மூன்று படி. பிறகு டீமக்ஸைத் திறந்து அதற்குள் ரெப்டைர் என்று ப்ராசஸ் எண்ணோடு அடித்தால் வேலை இந்தப் பக்கம் வந்துவிடும். உபுண்டுவில் அனுமதி மறுக்கும். பீட்ரேஸ்-ஸ்கோப் என்ற கர்னல் அமைப்பு 1 ஆக இருப்பதால். ரூட் அதை 0 ஆக்கினால் நடக்கும், முடிந்ததும் திரும்ப 1 ஆக்கிவிட வேண்டும். ஒன்றோடொன்று பைப் போட்டுக் கோத்த நிரல்கள் என்றால் சரியாக வராது. அப்போது டிஸோனோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வெளியீடு போனாலும் வேலையாவது மிஞ்சும்.

இதெல்லாம் சர்வர் எங்கோ தூரத்தில் இருந்தால். கடையின் மேசைக்கடியில் இருக்கிற பெட்டியே சர்வர் என்றால் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. டீமக்ஸ்-ரெசரெக்ட் என்ற ப்ளக்இன் விண்டோ, பேன் அமைப்பைத் திருப்பித் தரும், கணக்கீடு விட்ட இடத்தைத் தராது. நிரல்தான் நடுநடுவே நிலையைச் சேமிக்க வேண்டும். பெட்டிக்கு யுபிஎஸ்ஸும் வேண்டும்.

அப்டேட் செய்தபிறகு பதிப்பு பொருந்தவில்லை என்று அட்டாச் மறுக்கிறது

நினைவகத்தில் ஓடுவது பழைய சர்வர், நீங்கள் அடிப்பது புதிய கிளையண்ட். இருவரும் பேசும் நெறிமுறை எண் வேறு. பழைய நிரல் டிஸ்கிலிருந்து நீங்கியிருந்தாலும், ஓடுகிறவரை லினக்ஸ் அதை ப்ராக் டைரக்டரியில் வைத்திருக்கிறது. பீக்ரெப்பில் சர்வரின் எண்ணை எடுங்கள். பிறகு டீமக்ஸ் என்பதற்குப் பதிலாக:

ஸ்லாஷ் ப்ராக் ஸ்லாஷ் அந்த எண் ஸ்லாஷ் இஎக்ஸ்இ அட்டாச்

பழைய கிளையண்டே பழைய சர்வரோடு பேசிக்கொள்ளும். உள்ளே போய் வேலை முடிகிறவரை இருந்து, ஒவ்வொரு ஷெல்லையும் எக்ஸிட் அடித்து மூடுங்கள். கடைசி ஷெல் மூடியதும் பழைய சர்வர் தானாக இறங்கிவிடும், அடுத்து அடிக்கிற டீமக்ஸ் புதிய பதிப்பில் எழும்.